காவல் பெட்டிக்குப் பொட்டு வைத்த கதை

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் அழகாகச் சொல்லிவிடுவார்கள், அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்.

ஒரு தொழிற்சாலையின் டேட்டாபேஸ் நின்றுபோனால் அந்த நிமிடமே ஊரைக் கூட்டிச் சொல்கிற மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான்கு மாத அவகாசம். நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட பட்டியல் தயாரித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வண்ணம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நான் இத்தனை கேள்வி கேட்டதில்லை. என் மனைவி இதை இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். அப்படிச் சல்லடை போட்டுச் சலித்து எடுத்த காவல்காரனை, ஆயுத பூஜை அன்று நானே ஆள் விட்டுக் கழற்றச் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாமிக்கு முன்னால் படுக்க வைத்தேன். அது அப்படியே தூங்கிப்போனது. தூங்கிவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே அதுதானே.

இந்த ஆயுத பூஜையோடு அதற்கு ஒரு வருடம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

எனக்கு வல்லம் வடகால் பக்கம். இப்போது இருப்பது ஜெர்மனியின் தெற்கில், பெயர் சொன்னால் ஜெர்மானியர்களே மேப்பில் தேடுகிற ஒரு சிறிய ஊர். வந்து ஆறு வருடம் ஆகிறது. வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். அந்தக் கம்பெனிக்கு ஒரகடத்திலும் ஒரு தொழிற்சாலை உண்டு. என் பெரியப்பா வீட்டு மாடியில் ஏறி நின்றால் அதன் புகைபோக்கி தெரியும். ஆக, எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்ள நான் விமானம் ஏறி ஜெர்மனிக்கு வந்திருக்கிறேன். இதைவிடச் சுற்றுவழி தெரிந்த ஷேர் ஆட்டோக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாண்டில்கூடக் கிடையாது.

டேட்டாபேஸ் என்றதும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண். எந்த லைனில், எந்த ஷிப்டில், யார் கை பட்டு வந்தது என்கிற விவரம். அந்த விவரம் இருக்கும் இடம்தான் டேட்டாபேஸ். அது பதில் சொன்னால்தான் லேபிள் அச்சாகும். லேபிள் ஒட்டாத பாகத்தை லாரியில் ஏற்ற மாட்டார்கள். லாரி போகாவிட்டால் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வண்டி செய்கிறவர்களின் லைன் நிற்கும். அங்கே லைன் நின்றால் இங்கே யாராவது ஒருவர் தலை உருளும். இவ்வளவுதான் என் தொழில்நுட்ப அறிவு. மீதியெல்லாம் பாஸ்வேர்டு.

ஒரகடத்தில் என் கையும் காலுமாக இருந்தவர் குமுதா. காண்ட்ராக்ட்காரர் மூலமாக வந்த என்ஜினியர். மூன்றாவது வருடம். தீபாவளி முடிந்ததும் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அடையாள அட்டையின் கயிறு பச்சை, பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். நீலக் கயிறு கழுத்தில் விழுந்தால் கம்பெனி பஸ்ஸில் இடம் உண்டு, இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோதான். குமுதாவுக்கு அந்த நீலக் கயிறு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். அவருடைய அப்பா மெஷினில் கையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார்; அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவர் குமுதா ஒருவர்தான். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் இத்தனையும் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

3

மூன்று மென்பொருள்கள் கடைசிச் சுற்றுக்கு வந்தன.

முதலாவது, எது நடந்தாலும் மெயில் அனுப்பும். ஒரகடத்தில் மெயில் பார்க்கிற ஒரே ஆள் பிளான்ட் ஹெட், அவரும் மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் பார்ப்பார். அதைத் தள்ளினோம்.

இரண்டாவது, ஒரு வாய் ஓயாத சாதனம். டிஸ்க் கொஞ்சம் நிறைந்தால் மெசேஜ், குறைந்தால் மெசேஜ், யாராவது லாகின் செய்தால் மெசேஜ். சோதனை ஓட்டத்தின்போது குமுதாவின் போன் ஷேர் ஆட்டோவில் விடாமல் அடித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மா, "யாரும்மா அது, இந்தப் பாடு படுத்துறான், கட்டிக்கினு தொலையேன்" என்று சொன்னாராம். ஆனால் அந்த ஓயாத வாய்க்குள் ஒரு நல்ல குணம் இருந்தது. வெளியூரில் இருக்கும் இன்னொரு சர்வர் சில நிமிடத்துக்கு ஒருமுறை இதைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வராவிட்டால் நேராக நமக்குப் போன் அடிக்கும்.

மூன்றாவது, அழகு. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். எல்லாம் சரியாக இருக்கும்வரை வாயே திறக்காது. ஒரு சின்னப் பெட்டியில், டேட்டாபேஸ் இருக்கும் அதே சர்வர் அறையில், அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். நான் அதன் மேல் காதலில் விழுந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் போட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதுகிற நாட்டில் ஐந்து வருடம் வாழ்ந்தவனுக்கு, சத்தம் போடாததெல்லாம் உயர்ந்ததாகத் தெரியும்.

வீடியோ மீட்டிங்கில் என் முடிவை அறிவித்தேன். இந்தப் பக்கம் நான் மட்டும். ஒரகடத்தில் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், கடைசி நாற்காலியில் குமுதா. அவர் கையைத் தூக்கினார்.

"சார், டேட்டாபேஸ் நின்னா இந்தப் பொட்டி சொல்லும். இந்தப் பொட்டியே நின்னா யார் சார் சொல்லுவாங்க?"

நாற்பத்திரண்டு கேள்விகளில் இல்லாத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத இடத்தில் ஜோக் அடிப்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வியாதி. "பொட்டிக்கு ஒரு வாட்ச்மேன், வாட்ச்மேனுக்கு ஒரு வாட்ச்மேன்னு போட்டா கடைசில உங்க பிளான்ட்ல பிரேக் யாரும்மா செய்வாங்க, எல்லாரும் வாட்ச்மேனாத்தான் நிப்பீங்க" என்றேன். மேசை சிரித்தது. பிளான்ட் ஹெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். குமுதாவும் சிரித்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். பெட்டி வாங்க ஒப்புதல் ஆனது.

அந்த மீட்டிங் முடிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். ஜெர்மனியில் என் ஜோக்குக்கு ஒருவரும் சிரிப்பதில்லை. இங்கே ஒரு ஜோக்கைச் சொன்னால், அதில் தகவல் பிழை எங்கே இருக்கிறது என்று எடுத்துச் சொல்கிறார்கள். மகள் இனியாவிடமாவது எடுபடும் என்று பார்த்தால், அவள் நான் தமிழில் சொல்வதை மனசுக்குள் ஜெர்மனில் மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல எது ஜோக்?" என்று அக்கறையாகக் கேட்கிறாள். சிரிப்பு கிடைக்கிற ஒரே இடம் ஒரகடம் மீட்டிங் அறைதான். அதனால் அங்கே கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டேன்.

4

ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்துத் தொழிற்சாலையில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைனை நிறுத்தி, மெஷினைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் தன் ஆயுதத்தைக் கொண்டுவந்து வைக்கும். வெல்டிங்காரர்கள் டார்ச், ஸ்டோர்காரர்கள் தராசு, கேன்டீன்காரர்கள் கரண்டி. ஐ.டி. டிபார்ட்மெண்டுக்குத்தான் எப்போதும் வெட்கம். ஒரு பழைய கீபோர்டையும் வால் அறுந்த மவுஸையும் வைத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள்.

அன்றைக்கு என்னையும் வீடியோவில் சேர்த்தார்கள். இங்கே சாதாரணப் புதன்கிழமை, வெளியே தூறல். அங்கே சாம்பிராணிப் புகையில் எல்லோரும் புதுச் சட்டையில். எனக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. "கீபோர்டுக்கு எதுக்குப்பா பூஜை? ராத்திரி பகல்னு கண்ணு முழிச்சு வேலை செய்யறது அந்தப் பொட்டிதான். அதக் கொண்டாந்து வெச்சு ஒரு நாள் லீவு குடுங்க" என்றேன்.

குமுதா தயங்கினார். கழற்றினால் மறுபடி சரியாக மாட்ட வேண்டுமே என்றார். லைனே ஓடாத நாளில் எதைக் காவல் காக்கப் போகிறது என்று நான் கேட்டேன். எலக்ட்ரீஷியன் பழனி அண்ணன் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். பெட்டிக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே சாமந்தி. அருமையாக இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பேக்கப் எடுக்கும் பெட்டியையும் துடைப்பதற்காக அன்று நிறுத்தியிருந்தார்கள், அதற்கும் ஒரு பொட்டு.

பூஜையில் வைத்ததை அன்றே எடுத்துப் புழங்கக் கூடாது. மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மறுநாள் குமுதாவுக்கு லீவு. பழனி அண்ணனே பெட்டியைக் கொண்டுபோய் அறையில் வைத்தார். அதற்கு இரண்டு வயர்: ஒன்று கரண்டு, இன்னொன்று நெட்வொர்க். அவர் கரண்டைச் சொருகினார், பச்சை விளக்கு எரிந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பெட்டி ஊமையாகிப்போனது. பேக்கப் பெட்டியை யாருமே திரும்பப் போடவில்லை. பேக்கப் நடந்தால்தான் பழைய பதிவுகள் அழிந்து டிஸ்க்கில் இடம் கிடைக்கும். நடக்கவில்லை, டிஸ்க் நிறைந்துகொண்டே போனது.

வெள்ளிக்கிழமை குமுதா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்: "சார், பொட்டிய மறுபடி மாட்டினா வர்ற மெசேஜ்கூட டூல்லேர்ந்து வரலையே, செக் பண்ணிப் பாக்கட்டா?"

நான் பதில் போட்டேன்: "பொட்டி இப்பத்தான் சாமி கும்பிட்டு வந்திருக்கு, மௌன விரதம். விடுங்கம்மா, நிம்மதியா இருங்க." கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை.

அந்தச் சனி ஞாயிறு நான் மிகவும் நிம்மதியாக இருந்தேன். ஒரு அலர்ட்கூட இல்லை. மேலாளரிடம், புது மென்பொருள் வந்த பிறகு ஒரகடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்று மெயில்கூட எழுதினேன்.

5

திங்கள்கிழமை காலை நான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தேன். எனக்கும் அப்போது ஒரு பெர்மனென்ட் விவகாரம் நடந்துகொண்டிருந்தது: நிரந்தரமாகத் தங்க அனுமதி. ஒன்பது படிவங்கள். அவற்றில் ஒன்று, இந்த ஆளுக்கு வேலை இருக்கிறது, இனியும் இருக்கும் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டியது. அதில் கம்பெனி முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பினார்கள். நான் என் ஜெர்மனில் விளக்கினேன். கவுண்டரில் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் ஜெர்மன் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்றார். பத்து வயதில் ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அடுத்த முறை அவளை அழைத்துவரச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

உள்ளே போனைச் சைலண்டில் வைக்க வேண்டும் என்பது விதி. எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. அலர்ட் வந்தால் அதிரும் என்று தனியாக அமைத்து வைத்திருந்தேன். அதிரவில்லை. வெளியே வந்து பார்த்தால் குமுதாவிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள்.

அங்கே மதிய ஷிப்ட் தொடங்கிய கையோடு டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. லேபிள் பிரிண்டர் வெறும் தாளாகத் துப்பியிருக்கிறது. லைன்காரர்கள் பிரிண்டரைத் தட்டிப் பார்த்து, ரோல் மாற்றிப் பார்த்து, பிறகு சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் குமுதாவிடம் சொல்ல முக்கால் மணி நேரம். டிஸ்க்கைக் காலி செய்யும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். நான் டோக்கன் சீட்டைப் பிடித்துக்கொண்டு என் நிரந்தரத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து சரிசெய்தேன். அதற்குள் லாரிகள் காலியாக நின்று, பக்கத்து எஸ்டேட்டில் அவர்களுடைய லைனும் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு தாத்தா, மழையில் மின்சாதனம் நனைகிறது என்று எச்சரித்தார். நன்றி சொன்னேன்.

6

இம்மாதிரி நேரத்தில் கம்பெனிகள் ஒரு அறிக்கை எழுதும். ஏன் நடந்தது, அதற்கு ஏன், அந்த ஏனுக்கு ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர் விழ வேண்டும். நெட்வொர்க் வயர் ஏன் மாட்டவில்லை? தளத்தில் சரிபார்க்கவில்லை. தளத்தில் யார்? குமுதா. பெட்டி ஏன் பூஜைக்குப் போனது என்கிற ஏன் அந்த ஐந்தில் வரவேயில்லை. ஜெர்மானிய அறிக்கைப் படிவத்தில் பூஜைக்குக் கட்டம் கிடையாது.

இங்கே ஜெர்மனியில் நடந்த மீட்டிங்கில் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். பெட்டியை எடுத்துச் சாமி முன்னால் வைக்கச் சொன்னது நான், அது மௌன விரதம் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியதும் நான் என்று, என் ஓட்டை ஜெர்மனில், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அந்த அறை சிரித்தது. ஐந்து வருடத்தில் முதல் முறை. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரகடம் ஆட்களைக் காப்பாற்ற இவர் எப்படியெல்லாம் கதை கட்டுகிறார் பாருங்கள் என்றார் ஒருவர். நல்ல மனசு என்றார் இன்னொருவர்.

அந்த இடத்தில் நான், இல்லை, இது கதையில்லை, போட்டோ இருக்கிறது, மெசேஜ் இருக்கிறது என்று போனை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. பையில் இன்னொன்றும் இருந்தது: கையெழுத்து குறைந்த அந்தப் படிவம். அன்று மாலை மேலாளரிடம் கொடுத்து வாங்க வேண்டியது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையில் கையெழுத்து கிடைத்தது. தோளில் தட்டிக் கொடுத்துக்கூட அனுப்பினார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு காண்ட்ராக்ட்காரர் குமுதாவின் பச்சைக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

பழனி அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரே கூப்பிட்டார். "நான்தான் சார் சொருவினேன். லைட்டு பச்சையா எரிஞ்சுது, சரியாத்தான் கீதுன்னு வந்துட்டேன். அத சொன்னேன், யாரும் காதுலயே வாங்கல" என்றார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு உங்க மெசேஜ காட்டவே இல்ல சார். காட்டுமான்னு நான்கூட சொன்னேன். வேணாண்ணா, நம்ம ஊர்க்காரரு, அங்க விசா கிசான்னு எதுக்கோ அலஞ்சிகினு கீறாரு, இத வெச்சு அனுப்பிடப் போறாங்கன்னுச்சு."

அன்றைக்கு எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

7

நிரந்தர அட்டை வந்துவிட்டது. படத்தில் நான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பது விதி. இனியா அதைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் நீங்கள் சாதாரண ஆள் மாதிரி இருக்கிறீர்கள் என்று ஜெர்மனில் சொன்னாள். தமிழில் சொல்லச் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த மாதமே பெட்டியை மாற்றிவிட்டோம். அந்த ஓயாத வாய் மென்பொருள்தான், சோதனை ஓட்டத்தில் போட்டிருந்த அதே போன் எண் பட்டியலோடு, இப்போது காவல். நாற்பத்திரண்டு கேள்விப் பட்டியலைக் கிழித்துவிட்டேன். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒரே கேள்விதான் சொல்கிறேன்: இதுவே நின்றுபோனால் யார் சொல்வார்கள்? பெரிய விஷயம்போல எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். இது என் கேள்வி இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

குமுதா இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் இருக்கிறாராம். பெட்டி எண்களைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை, என்ஜினியர் வேலை இல்லை. மறுபடியும் காண்ட்ராக்ட்தான். முதல் வருடத்திலிருந்து எண்ண வேண்டும். இந்த ஒரு வருடமாக நான் அவருக்கு எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் மூன்றாவது வரியிலேயே ஒரு ஜோக் வந்து நிற்கும். அழித்துவிடுவேன்.

இந்த ஆயுத பூஜை அன்று உட்கார்ந்து எழுதி முடித்தேன். ஜோக் இல்லாமல். என்னென்ன செய்தேன், எந்த இடத்தில் சிரித்துத் தப்பித்தேன், பையில் எந்தப் படிவம் இருந்தது, எல்லாவற்றையும். இப்போது என்னிடம் அட்டை இருக்கிறது, யாரும் என்னை அனுப்ப முடியாது, அந்த மெசேஜையும் போட்டோவையும் வைத்துப் பிளான்ட் ஹெட்டுக்கு எழுதுகிறேன், சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். புது ஏற்பாட்டையும் விவரித்தேன். காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் பெட்டி தினமும் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு மெசேஜ் அனுப்பும், அது தவறினால் வெளியிலிருந்து எனக்கு அழைப்பு வரும், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான், இனி அப்படி நடக்காது என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஐந்து பக்கத்துக்கு வந்திருந்தது. அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"அந்த மெசேஜ் ஒரு வருஷமா தினம் காலைல ஆறு மணிக்கு எனக்கும் வருது சார், என் நம்பரை எடுத்துடுங்க."